பரீட்சைக்குப் போன என் இதயம்

சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். மின்விசிறி என் தலைக்கு மேல்தான் சுற்றுகிறது, காற்று மட்டும் பக்கத்துக் கட்டிலுக்குப் போகிறது. வார்டு முழுக்கப் பினாயில் வாசனை. எதிரே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பிடித்தவள் விடுவதாக இல்லை.

கையை விட்டுவிட்டு நெஞ்சுக்கு வா தாயே, உனக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு மனசுக்குள் ஒரே அவசரம். சுவரில் கடிகாரம் ஓடுகிறது. அவளுக்குக் கொடுத்திருப்பது ஒரு மணி நேரம். அதில் பாதியை என் கையைப் பிடித்தே கழித்துவிடுவாள் போலிருந்தது.

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு என்னை மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தொப்பியும் கூலிங் கிளாசும் விற்கிற காதர் பாயாகத்தான் தெரியும். எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது, ஓய்வு வயதும் கிடையாது. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளின் கடைசி வருஷப் பரீட்சையில் நான்தான் கேள்வித்தாள்.

செங்கல்பட்டு வட்டாரத்தில் பெரியாஸ்பத்திரி என்றால் ஒன்றுதான். அங்கே வைத்தியம் நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே நோயாளிகளை வைத்துத்தான் பரீட்சை நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. புத்தகத்தில் படித்த நோயை ஆள் உடம்பில் கண்டுபிடித்துச் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு டாக்டர் பட்டம். அதற்கு நோய் தெளிவாகத் தெரிகிற ஆட்கள் வேண்டும். என்னைப் போன்றவர்களுக்குப் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால் போன் வரும். முதல் நாளே போய்ப் படுத்துவிட வேண்டும்.

நல்ல கேஸ்

என் நெஞ்சுக்கு இந்த யோகம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடம் போகிற வயதில் எனக்குத் தொண்டை வலி வந்தது. அது போன கையோடு முட்டி வீங்கியது. முட்டி வடிந்ததும் முழங்கை. வலி ஒவ்வொரு மூட்டாக விருந்துக்குப் போய் வந்தது. அத்தா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம் அவர் சட்டைக் காலரில் அத்தர் வாசனையும் வேர்வை வாசனையும் கலந்து அடித்தது. இன்றைக்கும் அந்த ரூட்டில் போனால் எனக்கு அந்த வாசனை வருகிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் என் நெஞ்சில் ஸ்டெத் வைத்தார். வைத்தவர் முகம் மலர்ந்தது. இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவர் பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொருவராகக் குனிந்து கேட்டார்கள். பெரிய டாக்டர் என் தலையைத் தடவிவிட்டு, நல்ல கேஸ் என்று எல்லோரிடமும் சொன்னார். அத்தா அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போனார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, நல்ல கேசாம் என்று அம்மாவிடம் சொன்னாராம். விவரம் தெரிந்த பிறகு அந்த அல்வாவைப் பற்றிப் பேசினால் அவருக்குக் கோபம் வரும்.

விஷயம் இதுதான். இதயத்துக்குள் இருக்கிற கதவுகளில் ஒன்று எனக்குச் சரியாகத் திறப்பதில்லை. பாதி திறந்த கதவின் இடுக்கில் ரத்தம் நெருக்கிக்கொண்டு போகும்போது ஒரு சத்தம் வரும். அதற்கு மர்மர் என்று பெயர். சில பேருக்கு அது காதில் பிடிபடாது. எனக்கு ரொம்பத் தெளிவு என்று சொல்வார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இடுப்பில் ஊசி. அந்த ஊசி போட்ட அன்றைக்கு நடை வாத்து நடைதான். மற்றபடி மாத்திரையிலேயே வண்டி ஓடியது. படித்தேன், கடை போட்டேன், ஜுலேகாவைக் கல்யாணம் செய்துகொண்டேன், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன்.

கட்டிலைச் சுற்றி ஒரு வகுப்பு

நான் முதலில் பார்த்தபோது அந்த ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு உயரம் கிடையாது. நீளநீளமான வார்டுகள், உயரமான கூரை, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். மத்தியானத்தில் காக்கை உள்ளே வந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். இப்போது மாடிக்கு மேல் மாடி, லிஃப்ட், ஸ்கேன் எல்லாம் வந்துவிட்டன. காக்கையும் இருக்கிறது, பிரியாணிப் பொட்டலத்துக்கு மாறிவிட்டது.

யார்தான் அங்கே வரவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் அடிபட்டவர், வயலில் பாம்பு கடித்தவர், நெம்மேலிப் பக்கத்தில் கட்டுமரம் கவிழ்ந்து தண்ணீர் குடித்தவர், கூடுவாஞ்சேரியில் ரயிலேறும்போது வலி வந்த பிள்ளைத்தாய்ச்சி. இவர்கள் எல்லோரும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனார்கள். இவர்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் கையில் நோட்டோடு ஒரு மாணவன் நின்றுகொண்டிருந்தான்.

காலை ரவுண்ட்ஸ் என்பது ஒரு திருவிழா. பெரிய டாக்டர் முன்னால் வருவார், பின்னால் ஒரு ஊர்வலம். கட்டிலைச் சுற்றி நின்று கேள்வி கேட்பார். பதில் தெரியாத பிள்ளை என்னைப் பார்க்கும், நான் கூரையைப் பார்ப்பேன்.

ஒரு பேராசிரியர் இருந்தார். ஒல்லியான ஆள், சிரித்தே பார்த்ததில்லை. ஒரு பையன் முன்னால் வந்து, ஒன்பதாம் கட்டில், வால்வு கேஸ் என்று ஆரம்பித்தான். கட்டிலுக்கு வால்வு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மறுநாள் அந்தப் பையன் என் பெயர், ஊர், நான் செய்கிற வேலை, எனக்கு எத்தனை பிள்ளைகள், மாடிப்படி ஏறினால் எனக்கு என்ன ஆகிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் நோய்க்கு வந்தான். பேராசிரியர் அப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் முழுக்க நின்று கேட்டார். அந்த வழக்கத்தை அவருக்குப் பின்னால் வந்தவர்களும் விடவில்லை.

காசு உள்ளவன் உடம்பைப் பத்துப் பேர் தொட்டுப் படிக்க விடமாட்டான். எங்களைப் போன்றவர்களின் உடம்பில்தான் இந்த ஊர் டாக்டர்கள் படித்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் இல்லை, கொஞ்சம் கர்வம்தான். எங்கோ ஒரு மலையோர ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் ஒரு குழந்தையின் நெஞ்சில் ஸ்டெத் வைத்து, இந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன் என்று நினைத்தால், அவர் கேட்டது என்னிடம்தான். கடையில் யாராவது தொப்பிக்குப் பேரம் பேசிக் கழுத்தை அறுக்கும்போது நான் இதை நினைத்து ஆறுதல் அடைவது உண்டு.

முனுசாமியின் சட்டம்

பரீட்சை கேஸ்களில் எங்களுக்குள் ஒரு சங்கம் மாதிரி. அதற்குத் தலைவர் முனுசாமி. மதுராந்தகம் பக்கம், கட்டிடத்தில் சென்டரிங் வேலை பார்த்தவர். அவருக்கு மண்ணீரல் வீங்கி வயிற்றில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. அவர் எனக்குச் சீனியர்.

பிள்ளைகளிடம் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது ஆஸ்பத்திரியின் உத்தரவு. முனுசாமியின் சட்டம் வேறு. வந்ததும் வணக்கம் சொல்லி, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றைத் தொடுகிற பிள்ளைக்கு அவர் லேசாகக் கண்ணைக் காட்டுவார். ஐஸ் மாதிரி கையை வைத்து அமுக்குகிறவனுக்கு அவர் சாகிறவரைக்கும் வாயைத் திறக்கமாட்டார்.

எனக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு ஒரு பிள்ளை நின்றால் நான் உருகிவிடுவேன். டாக்டர்கள் என் தலைமாட்டில் நின்று பேசிப் பேசி எனக்கே மனப்பாடம் ஆகியிருந்தது. மைட்ரல் ஸ்டெனோசிஸ், சைனஸ் ரிதம், ஃபெயிலியர் இல்லை என்று உதட்டை அசைக்காமல் சொல்வேன். மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்பது அந்தச் சரியாகத் திறக்காத கதவு. சைனஸ் ரிதம் என்றால் வேறொன்றுமில்லை, துடிப்பு ஒழுங்காக, ஒரே தாளத்தில் போகிறது என்று அர்த்தம். நான் சொல்லி யாரும் ஃபெயில் ஆனதில்லை.

மறுபடி எழுத வந்த பெண்

மணிக்கட்டைப் பிடித்த பெண்ணுக்கு வருகிறேன். அவள் பெயர் எஸ்தர். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி. தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அப்பா மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். இதையெல்லாம் அவள் என்னை விசாரிக்கும்போது நான் அவளை விசாரித்துத் தெரிந்துகொண்டது. அது என் பழக்கம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். போன தடவை இதே பரீட்சையில் அவள் ஃபெயில். வேறொரு நோயாளியின் நெஞ்சில் கேட்ட சத்தத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர், ஷ்யூரா என்று கேட்டதும் பயந்துபோய் மாற்றிச் சொல்லிவிட்டாள். அவள் கூடப் படித்தவர்கள் எல்லாம் இப்போது அதே ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன். காலையில் வார்டுக்கு வரும்போது அவர்கள் கண்ணில் படாமல் பின்பக்கப் படியில் ஏறி வந்தேன் என்றாள்.

"இந்த வாட்டியும் போச்சுன்னா எங்கப்பாகிட்ட சொல்ல எனக்குத் தெம்பு இல்ல பாய்."

இதைக் கேட்ட பிறகு எனக்கு எந்த உத்தரவும் கண்ணில் படுமா.

அன்றைக்கு எனக்கும் ஒரு சங்கதி இருந்தது. விடிந்ததிலிருந்து நெஞ்சு படபடவென்று அடித்தது. முதல் நாள் இப்போதைய பேராசிரியரே வந்து என்னைப் பார்த்து, எல்லாம் வழக்கம்போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜுலேகா கொண்டுவந்த கத்தரிக்காய்க் குழம்பின் மேல் பழியைப் போட்டேன். டாக்டரிடம் சொல்லலாம் என்றாள் அவள். சொன்னால் என்னை எடுத்துவிட்டு வேறு கேஸைப் போட்டுவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு பரீட்சைகூடத் தவறாதவன் நான், குழம்புக்காகத் தவறுவதா என்று அவள் வாயை அடைத்தேன்.

ஷ்யூரா?

எஸ்தர் ஒரு வழியாக ஸ்டெத்தை நெஞ்சில் வைத்தாள். ஆனால் இன்னொரு கையால் மணிக்கட்டை மறுபடி பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் கேட்டாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். நெற்றியில் வேர்வை.

இவள் குழம்புகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வழக்கமான பாட்டை உதட்டை அசைக்காமல் பாடினேன். மைட்ரல் ஸ்டெனோசிஸ், சைனஸ் ரிதம், எழுதிக்கோ என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்சம் பேசாம இருங்க பாய். எண்ணிகினு கீறேன்."

எனக்குச் சுருக்கென்றது. நன்றி சொல்ல வேண்டாம், அதட்டாமலாவது இருக்கலாம்.

மணி அடித்தது. பரீட்சகர்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் எங்கள் பேராசிரியர். இன்னொருவர் வெளியூர்க்காரர், குட்டையான மனிதர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஆள். அவரை எக்ஸ்டர்னல் என்பார்கள். அந்தப் பேரைச் சொன்னாலே பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும்.

எஸ்தர் என் பெயரிலிருந்து ஆரம்பித்தாள். தொப்பிக்கடை, இரண்டு பெண்கள், சின்ன வயதில் மூட்டு வீக்கம் எல்லாம் சொன்னாள். குரல் நடுங்கினாலும் ஒன்றையும் விடவில்லை. அப்புறம் நாடித்துடிப்புக்கு வந்தாள். துடிப்பு ஒழுங்காக இல்லை, தாறுமாறாகப் போகிறது, நெஞ்சில் அடிக்கிற அடி எல்லாம் கைக்கு வந்து சேரவில்லை என்று இங்கிலீஷில் சொன்னாள்.

எங்கள் பேராசிரியரின் புருவம் சுருங்கியது. நேற்று அவர் கையால் பார்த்த நாடி. கேஸ் ஷீட்டில் ஒழுங்கு என்று எழுதியிருக்கிறது. எக்ஸ்டர்னல் அந்த ஷீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஷ்யூரா?"

போன தடவை அவளைச் சாய்த்த அதே கேள்வி. என் வாய் சும்மா இருக்குமா.

"சார், கொயந்த டென்ஷன்ல சொல்லுது சார். என் பல்சு ரெகுலர்தான். எல்லா பரீட்சையிலயும் ரெகுலர் சார்."

பரீட்சையின் நடுவில் கேள்வித்தாளே வாயைத் திறந்து பேசினது அந்த ஆஸ்பத்திரி சரித்திரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவள் சொன்ன பதிலை நானே அடித்துவிட்டேன். பேராசிரியர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எக்ஸ்டர்னல் அவளைத்தான் பார்த்தார். பேஷன்ட் சொல்கிறாரே, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். அவளுக்கு இங்கிலீஷ் போய்விட்டது.

"அவரு சொல்றது போன பரீட்சையோட பல்சு சார். நான் புடிச்சது இன்னிக்கு. ஷ்யூர் சார்."

எக்ஸ்டர்னல் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அவரும் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையைப் பேராசிரியரிடம் மாற்றிக் கொடுத்தார். அவர் பிடித்தார். அவர் முகம் மாறியது. காலையிலிருந்து என்ன செய்கிறது பாய் என்று கேட்டார். நான் கத்தரிக்காயைச் சொன்னேன். கட்டிலுக்கு அந்தப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜுலேகா, விடிந்ததிலிருந்து படபடப்பு, சொல்ல விடமாட்டேன் என்கிறார் என்று போட்டு உடைத்தாள்.

எக்ஸ்டர்னல் நிமிர்ந்தார். எஸ்தரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் இங்கே இல்லை, இந்த வார்டில் நீ மட்டும்தான் டாக்டர், இப்போது என்ன செய்வாய் என்றார். அவள் யோசிக்கவே இல்லை.

"பரீட்சைய விட்டுட்டு இவர ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிகினு போவேன் சார்."

"அப்ப போம்மா."

மார்க் போடாத டாக்டர்

தள்ளிக்கொண்டுதான் போனாள். ஒரு பக்கம் வார்டு பாய், ஒரு பக்கம் அவள், பின்னால் ஜுலேகா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. எஸ்தரின் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் என் மணிக்கட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் அழுகிறாள் போலிருக்கிறது. கேட்டேன். அது இல்லையாம். மர்மரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுப்பிவிட்டார்கள், கேட்டால்தானே மார்க், இந்தத் தடவையும் போச்சு என்றாள். படபடக்கிற நெஞ்சோடு படுத்துக்கொண்டு நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். லிஃப்டில் இருந்தவர்கள் எங்கள் இரண்டு பேரில் யார் நோயாளி என்று தெரியாமல் பார்த்தார்கள்.

ஐ.சி.யூ.வில் ஒயர்களை ஒட்டினார்கள். ஊசி போட்டார்கள். அந்தச் சின்னத் திரையில் ஓடிய கோடு எந்தக் கணக்கிலும் அடங்காமல் துள்ளியது. அதைப் பார்த்த பிறகுதான் கத்தரிக்காய் குற்றமற்றது என்று ஒப்புக்கொண்டேன். இப்படித் தாறுமாறாக அடிக்கிற இதயத்தில் ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போய், கை கால் இழுத்துக்கொள்ளலாமாம். அன்றைக்கு நான் வழக்கம்போல் பரீட்சை முடித்து, சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருந்தால் எந்த ஸ்டாப்பில் இறங்கியிருப்பேனோ.

சாயங்காலம் பேராசிரியர் வந்தார். கோடு கொஞ்சம் அடங்கியிருந்தது. என் நோய் பழைய இடத்தில் இல்லை, கதவு இன்னும் இறுகிவிட்டது, இனி மாத்திரை மட்டும் போதாது என்று விளக்கினார். தொடை வழியாக ஒரு கம்பியை அனுப்பி, பலூன் வைத்துக் கதவை விரிக்க வேண்டும், சென்னைக்கு எழுதித் தருகிறேன், காப்பீட்டுத் திட்டத்தில் செய்துவிடலாம் என்றார். பார்க்கலாம் சார் என்றேன். அந்தப் பெண் பாஸா என்று கேட்டேன். அதை நான் சொல்லக் கூடாது பாய் என்றார். நான் அவர் முகத்தில் எதையாவது படிக்க முடியுமா என்று பார்த்தேன். இத்தனை வருஷம் பரீட்சையில் இருந்தவனுக்கு அந்தப் பாடம் மட்டும் வரவில்லை.

வரிசையில் நின்றேன்

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கலாம் என்பதையே பல விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சீசன் முடியட்டும் என்றேன். நோன்பு கழியட்டும் என்றேன். பெண்கள் இருவரும் போனில் அழுதார்கள். ஜுலேகா பேசுவதையே நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே எனக்கு அவள் சொல்வது புரிந்தது. பலூன் வைத்துவிட்டால் மர்மர் போய்விடும், அப்புறம் பிள்ளைகள் எதைக் கேட்டுப் படிக்கும் என்று ஒரு நாள் அவளிடம் நியாயம் பேசினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மாத்திரை வாங்க மாதம் ஒரு முறை போவேன். அப்படி ஒரு காலையில் ஜுலேகாவோடு போய் ஓ.பி. வரிசையில் நின்றேன். முன்னால் ஒரு மீன்காரம்மா, அவர் கூடையின் வாசனை, பின்னால் இருமுகிற ஒருவர். வரிசை நகர்ந்து மேசைக்கு வந்தபோது அங்கே எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். பாக்கெட்டில் ஹவுஸ் சர்ஜன் பேட்ஜ்.

ஹவுஸ் சர்ஜன் என்றால் பாஸ் என்றுதான் அர்த்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தப் பெண் பாஸான மாதிரி வாயெல்லாம் பல். ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று சத்தம் போட்டேன். அவள் சிரித்தாள். உங்கள் கடைக்கு வந்து தேடினேன், பூட்டியிருந்தது என்றாள். அப்புறம் என் சீட்டை எடுத்து விரித்து, பேனாவைத் திறந்து, என்ன செய்கிறது பாய் என்று கேட்டாள்.

நான் மேசைக்குப் பக்கத்து ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்று ஆரம்பித்தேன். ஐ.சி.யூ.வில் புதிதாகச் சேர்ந்த இங்கிலீஷையும் சேர்த்துச் சரளமாகச் சொன்னேன். அவள் எழுதவில்லை.

"அதெல்லாம் சீட்டுலயே கீது பாய். உங்களுக்கு இன்னா பண்ணுது, அத சொல்லுங்க."

எத்தனையோ பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் நான் பரீட்சைக்கு வேண்டியதைத்தான் சொல்லியிருக்கிறேன். பின்னால் நின்ற ஆள் இருமினார். அவள் அவசரப்படவில்லை.

சொன்னேன். கடையில் மேல்தட்டுத் தொப்பியை எடுக்கக் கையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. படுத்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, அதனால் ஜுலேகா தூங்கின பிறகு எழுந்து சுவரில் சாய்ந்துகொள்கிறேன். பலூன் என்றதும் எனக்கு நினைவுக்கு வருகிறவர் சதுரங்கப்பட்டினத்துக்காரர் ஒருவர். இளவயதில் வார்டில் என் பக்கத்துக் கட்டில். இதே நோய். கதவைச் சரிசெய்யச் சென்னைக்குப் போனவர். கட்டிலில் வேறு ஆள் வந்து படுத்தபோதுதான் அவர் திரும்பமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. சீசன், நோன்பு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் சும்மா.

"எனக்கு பயமா கீதும்மா."

அப்போது செய்தது வேறு ஆபரேஷன், இப்போது செய்வது வேறு என்று அவள் விளக்கியிருக்கலாம். பிறகு அதையும் விளக்கினாள். முதலில் சொன்னது அது இல்லை.

"அன்னிக்கி எனக்கும் பயந்தான் பாய். பயம் போன அப்பறமா சொன்னேன்? பயந்துகினேதான் சொன்னேன்."

பேனா சீட்டின் மேல் காத்துக்கொண்டிருந்தது. சென்னைக்கு எழுதட்டுமா என்று அவள் கேட்கவில்லை, என்னைப் பார்த்தபடி இருந்தாள். வெளியே ஜுலேகா மருந்து வரிசையில் எனக்காக இடம் பிடித்து நின்றுகொண்டிருந்தாள், அவள் முக்காடு மட்டும் கதவு வழியாகத் தெரிந்தது.

"எழுதும்மா," என்றேன்.